மாட்டிறைச்சியும் காலநிலையும்: இரண்டு குரல்கள், ஒரு கணக்கு

உயர்தர வகுப்பில் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தைத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "சேர், மாட்டிறைச்சி தின்றதாலதான் உலகம் சூடாகுதெண்டு சொல்லுறாங்களே, அது மெய்யா? இல்லாட்டி எங்களோட கொழுவுறதுக்குச் சொல்லுற கதையா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஒரே மூச்சில் கேட்டது இரண்டு கேள்விகள். முதலாவதுக்கு விஞ்ஞானத்தில் விடை இருக்கிறது. இரண்டாவதுக்கு நமது நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் விடை இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதனால்தான் எங்கட ஆட்கள் முதலாவதைக் காது கொடுத்தும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் அந்தச் சிக்கலைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்க முயல்கிறேன்.

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குவோம். 2013ஆம் ஆண்டு ஹலால் இலச்சினைக்கு எதிரான பிரசாரம் நாடெங்கும் நடந்தது. அதே ஆண்டு வெசாக் தினத்தில் கண்டியில், தலதா மாளிகைக்கு அருகே, மாடறுப்புக்கு எதிராகக் குரல்கொடுத்த ஒரு பிக்கு தனக்குத்தானே தீ வைத்து உயிரிழந்தார். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் அங்கீகாரம் வழங்கியது. பின்னர் வந்த பொருளாதார நெருக்கடியில் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. மாட்டின் மீது இரக்கம் காட்டுவது பௌத்த மரபில் உண்மையாகவே ஆழமான ஒரு விடயம். அறுப்புக்குப் போகும் மாட்டை விலை கொடுத்து மீட்டு விடுவதை அவர்கள் புண்ணிய கருமமாகச் செய்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் தெருவில் அந்த இரக்கம் கோஷமாக வந்தபோது அது நீட்டிய விரல் மாட்டுக் கடைக்காரனின் பக்கமே திரும்பியிருந்தது. ஆகவே 'மாடு தின்னாதே' என்று எவர் சொன்னாலும், அவர் ஒக்ஸ்போர்டில் இருந்து சொன்னாலும், நமக்கு அது பழைய குரலாகவே கேட்கிறது. மாணவனின் சந்தேகத்தில் பிழை பிடிக்க முடியாது.

ஆனால் காலநிலையின் பெயரால் பேசும் குரல் வேறொரு வழியால் வந்தது. இங்கிலாந்தில் மரக்கறி உணவுக்காரர்களின் சங்கம் 1847இல் ராம்ஸ்கேற் என்ற ஊரில் அமைக்கப்பட்டது. அப்போது அவர்கள் பேசியது உடல் நலத்தையும் ஒழுக்கத்தையும். பால், முட்டையும் வேண்டாம் என்ற வீகன் சங்கம் 1944இல் தோன்றியது. அவர்களின் அக்கறை விலங்கின் துன்பம். 1971இல் பிரான்சிஸ் மூர் லாப்பே என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய நூல் மூன்றாவது ஒரு நியாயத்தைக் கொண்டுவந்தது: மனிதன் உண்ணக்கூடிய தானியத்தை மாட்டுக்குக் கொட்டிவிட்டு உலகில் பஞ்சம் என்று பேசுவது என்ன நீதி? காலநிலை என்ற நியாயம் பெரிதாகப் பேசப்பட்டது 2006இல், ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு கால்நடை வளர்ப்பைப் பற்றிய ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்ட பிறகுதான். 2008இல் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி, வாரத்தில் ஒரு நாளாவது இறைச்சியைத் தவிர்த்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு பாடகர் போல் மக்கார்ட்னி 'இறைச்சியில்லாத திங்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். இவர்கள் எவருடைய கணக்கிலும் நமது ஊர் மாட்டுக் கடை இருக்கவில்லை. அவர்களின் கண்முன் இருந்தது மேற்கு நாட்டின் சாப்பாட்டுத் தட்டு.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் என்ற முறையில் இடையில் ஒன்று சொல்ல ஆசை. தமிழ் மரபு முழுக்கப் புலால் மறுத்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. சங்கப் பாடல்களில் ஊன்சோறு மணக்கிறது. தன் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்பதற்குக் கபிலர் சேர மன்னனிடம் சொன்ன காரணமே இறைச்சியும் சோறும் உண்டு பழகியது என்பதுதான். வள்ளுவர் வேறு வழி போனார். புலால் மறுத்தல் அதிகாரத்தில் அவர் வைக்கும் வாதங்களில் ஒன்று இன்றைய சந்தைப் பொருளியலுக்கு அப்படியே பொருந்தும்: தின்பதற்காக வாங்க ஆளில்லையென்றால் விற்கவும் ஆளிருக்காது. காலநிலைக்காக இறைச்சியைக் குறைக்கச் சொல்பவர்கள் இன்று பேசுவதும் இதே கேள்வி நிரம்பலைத்தான்.

நமது பக்கத்திலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 973 முதல் 1057 வரை வாழ்ந்த, கண்பார்வையற்ற அரபுக் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி, இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தேன்கூட வேண்டாமென்று சிரியாவின் மஅர்ரா ஊரில் வாழ்ந்தவர். இது ஏன் என்று கேட்டு ஃபாத்திமிய அறிஞர் ஒருவர் அவருக்கு எழுதிய கடிதங்களும் அவருடைய பதில்களும் இன்றும் இருக்கின்றன. இலங்கையில் தமிழில் போதித்து, 1971இல் பிலடெல்பியாவுக்குப் போன சூபி ஞானி பாவா முஹையத்தீன் அவர்களும் மரக்கறி உணவையே கைக்கொண்டவர். இவர்களின் கொள்கையை நாம் ஏற்கிறோமா என்பது வேறு பேச்சு. ஹலாலை ஹராமாக்க எவருக்கும் உரிமையில்லை என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. இறைச்சி தின்னாமல் இருப்பது மாற்றார் நம் மீது ஏவிய ஒன்று என்ற எண்ணம் மட்டும் சரித்திரத்துக்குப் பொருந்தாது.

இனி முதலாவது கேள்வி.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதலாவது பெரிய அறையில் புல்லும் வைக்கோலும் ஊறி, கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால் உடைக்கப்படுகின்றன. நாம் செரிக்க முடியாத புல்லை மாடு இறைச்சியாகவும் பாலாகவும் மாற்றுவது இந்த நுண்ணுயிர்களின் தயவால். சுப்ஹானல்லாஹ், அற்புதமான படைப்பு. ஆனால் அந்த அறைக்குள் ஒட்சிசன் இல்லை. ஒட்சிசன் இல்லாத இடத்தில் தாவரம் உடைந்தால் மெதேன் வாயு பிறக்கும். மாடு அதை ஏப்பமாக வாய்வழியே விடுகிறது. வாலின் பக்கம் போவது மிகக் கொஞ்சம், வகுப்பில் பிள்ளைகள் நினைத்துச் சிரிப்பது போலல்ல. வளர்ந்த ஒரு மாடு, இனத்தையும் தீனியையும் பொறுத்து, வருடத்துக்கு 50 முதல் 100 கிலோ வரை மெதேனை விடுகிறது. ஆடும் இதே வகைதான், உருவத்துக்கேற்பக் குறைவு. கோழிக்கு இந்த வயிறு இல்லை.

மெதேன் காற்றில் நெடுநாள் நிற்பதில்லை. சராசரியாக 12 வருடங்களில் சிதைந்துவிடும். ஆனால் இருக்கும்வரை அது வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் காபனீரொட்சைட்டை விட எத்தனையோ மடங்கு வலியது. 20 வருடக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 80 மடங்கு, 100 வருடக் கணக்கில் 27 மடங்கு அளவில். இந்த வாயுவைக் குறைத்தால் பலன் நமது ஆயுளுக்குள்ளேயே தெரியும். நிலக்கரி எரித்த புகையில் அப்படியொரு சலுகை இல்லை.

2006 அறிக்கை, மனிதரால் வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களில் 18 வீதம் கால்நடையிலிருந்து வருவதாகச் சொன்னது. அது போக்குவரத்தை விட அதிகம் என்ற ஒப்பீடு தலைப்புச் செய்தியானது. இரண்டையும் ஒரே முறையில் கணக்கிடவில்லை என்று விமர்சனம் எழுந்தது. அதே அமைப்பு 2013இல் 14.5 வீதம் என்றும், 2023இல் 12 வீதம் அளவு என்றும் திருத்தியது. செயற்பாட்டாளர்கள் சிலர் 51 வீதம் என்று ஒரு எண்ணைச் சொல்லித் திரிகிறார்கள், அதை விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஊதிப்பெருப்பித்த எண்கள் நல்ல வழக்கையும் கெடுத்துவிடும். ஆனால் 12 வீதமும் சிறிய எண்ணல்ல.

பொருளுக்குப் பொருள் ஒப்பிடும்போதுதான் விடயம் விளங்கும். 2018இல் பூரும் நெமசெக்கும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். 100 கிராம் புரதம் நமது தட்டுக்கு வர எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். எல்லா வாயுக்களையும் காபனீரொட்சைட்டு அளவாக மாற்றிச் சொன்னால், இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்குச் சராசரி 50 கிலோ. பாலுக்கு வளர்த்துப் பிறகு இறைச்சியாகும் மாட்டுக்கு 17 கிலோ. செம்மறியாட்டுக்கு 20. கோழிக்கு 6 அளவில், முட்டைக்கு 4 அளவில். பருப்பு வகைகளுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு.

50க்கும் 17க்கும் உள்ள இந்த வித்தியாசம் நமக்கு முக்கியம். இலங்கையில் இறைச்சிக்கென்று தனியே மாட்டுப் பண்ணை வைப்பது அரிது. இங்கு மாடு முதலில் பாலுக்கு, அல்லது ஒரு காலத்தில் உழவுக்கு. கறவை நின்ற பசுவும் காளைக் கன்றும்தான் இறைச்சிக் கடைக்கு வருகின்றன. பிரேசிலில் அமேசன் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கி வளர்க்கும் மாட்டோடு நமது பட்டி மாட்டை ஒரே தராசில் வைக்கக் கூடாது. அதற்காக நமது மாடு சுத்தமானது என்றும் பெருமைப்பட முடியாது. நாளுக்கு இரண்டு, மூன்று லீட்டர் கறக்கும் நாட்டுப் பசு, ஒரு லீட்டருக்கு என்று கணக்குப் போட்டால், உயர் இனப் பசுவை விட அதிக மெதேனை விடுகிறது.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். வாயு வெளியேறுவது மாடு உயிரோடு நின்று அசைபோடும்போது. கத்தி வைக்கும்போதல்ல. மாட்டின் ஏப்பம் அறுப்போடு நின்றுவிடுகிறது. அப்படியென்றால் அறுப்பைத் தடைசெய்வதும் காலநிலையைக் காப்பதும் ஒன்றா? இந்தியாவைப் பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் பசு அறுப்புக்குத் தடை. 2019 கணக்கெடுப்பின்படி அங்கே 19 கோடிக்கு மேல் மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் இருந்தன. பால் உற்பத்தியில் உலகில் முதலிடம். கால்நடை மெதேனிலும் முன்வரிசையில் நிற்கும் நாடு அது. பாலைக் குடித்துக்கொண்டு அறுப்பை மட்டும் நிறுத்தினால் கறவை நின்ற மாடுகளும் ஆயுள் முழுக்க ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். இரக்கத்தின் பெயரால் அதைச் செய்யலாம், அது ஒரு நிலைப்பாடு. காலநிலையின் பெயரால் செய்ய முடியாது. காலநிலைக்காரர் கேட்பது மாட்டின் எண்ணிக்கை பிறப்பிலேயே குறைய வேண்டும் என்பதை. அதற்கு இறைச்சியோடு பாலையும் பேச வேண்டும்.

2020 யோசனையில் ஒரு பகுதியை நாம் அன்று போதியளவு கவனிக்கவில்லை. மாடறுப்பைத் தடைசெய்துவிட்டு, மாட்டிறைச்சி உண்போருக்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பதாக அதில் இருந்தது. இங்கே பால் மாடு அப்படியே நிற்கும். அதற்கு மேலதிகமாக, வேறெங்கோ இறைச்சிக்கென்றே வளர்த்த மாடு கப்பலில் வரும். காலநிலைக் கணக்கில் இதைவிட மோசமான ஏற்பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாணவனின் இரண்டாவது கேள்விக்கு இதுவே என் விடை. இரண்டு குரல்களும் ஒரே சொல்லைச் சொல்கின்றன, ஆனால் ஒன்றின் கணக்கு மற்றதன் கணக்கைப் பொய்யாக்குகிறது.

கணக்கு என்று வந்தால் அது எவரையும் விட்டுவைப்பதில்லை. மாட்டிறைச்சி தொடாத வீட்டிலும் காலையில் பால்மாத் தேத்தண்ணி இருக்கிறது. அந்தப் பால்மாவில் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து வருவது. அந்த நாட்டின் மொத்த வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழப் பாதி விவசாயத்திலிருந்து, அதிலும் பெரும்பகுதி கால்நடையிலிருந்து. ஒரு கிலோ பால்மாவுக்கு 8 லீட்டர் அளவில் பால் வேண்டும். அந்த மாடுகளின் ஏப்பம் நமது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சோறும் தப்பாது. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது சேற்றுக்குள் ஒட்சிசன் போகாது. மாட்டின் வயிற்றில் நடப்பதே அங்கும் நடக்கிறது. மனிதரால் வெளியேறும் மெதேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருகிறது. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரி 4 கிலோ அளவில். அம்பாறை மாவட்டத்து வட்டைகளில் விளையும் நெல்லும் இதற்குள் அடங்கும். வயலில் எப்போதும் தண்ணீரை நிறுத்தி வைக்காமல், நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியபின் மறுபடி கட்டுவது என்ற முறையை சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பி வருகிறது. துளையிட்ட ஒரு குழாயை வயலில் புதைத்தால் நீர்மட்டம் தெரியும். மெதேன் மூன்றில் ஒன்று முதல் அரைவாசி வரை குறைகிறது, விளைச்சல் பெரிதாக விழுவதில்லை. இதைச் சொன்னபோது எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, "தண்ணி வத்தினா புல்லு மண்டும் சேர், அதுக்கு எண்ணெய் அடிக்கிற காசை ஆரு தாற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எண்களை எழுதுகிறவர்கள் அவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பருப்பைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருவதுதானே, அதை விட ஊர் இறைச்சி நல்லதல்லவா என்று கேட்பார்கள். கப்பல் என்பது மிகச் சிக்கனமான வாகனம். 15,000 கிலோமீற்றர் கடந்து வரும் ஒரு கிலோ பருப்பின் கப்பல் செலவு 150 முதல் 300 கிராம் அளவு காபனீரொட்சைட்டுத்தான். உணவின் மொத்த வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு 6 வீதம் அளவே என்று மேலே சொன்ன ஆய்வும் காட்டியது. எங்கிருந்து வந்தது என்பதை விட எது வந்தது என்பதே பெரிது.

இதெல்லாம் நமக்கு எதற்கு, பெரிய நாடுகள் எரித்ததுக்கு நாங்களா பொறுப்பு என்று கேட்கலாம். பொறுப்பின் பெரும்பங்கு அவர்களுடையதுதான். உலகம் சூடாவதற்கு முதல் காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும். ஆனால் விளைவு பங்குபோட்டு வருவதில்லை. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் அள்ளுண்டு மத்ரஸாப் பிள்ளைகள் மௌத்தானதை நாம் மறக்கவில்லை. ஒரு வெள்ளத்தை அப்படியே காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது விஞ்ஞானமல்ல. ஆனால் அப்படியான மழைகள் கூடும் என்று சொல்வது விஞ்ஞானம்தான், அது பெய்யப்போவது தாழ்ந்த கரையோரத்தில் குடியிருக்கும் நமது ஊர்களிலும்தான்.

எல்லோரும் மரக்கறிக்கு மாற வேண்டும் என்று 2019இல் வந்த அரசுகளுக்கிடையிலான குழுவின் அறிக்கை சொல்லவில்லை. தாவர உணவு கூடிய, இறைச்சி அளவான உணவு உதவும் என்றது. 2023இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பிரித்தானியாவில் 55,000க்கும் மேற்பட்டோரின் உணவை ஆராய்ந்தார்கள். நாளுக்கு 100 கிராமுக்கு மேல் இறைச்சி உண்பவர்களோடு ஒப்பிட்டால் வீகன்களின் உணவால் வெளியேறும் வாயு கால்வாசி. இறைச்சியைக் குறைவாக உண்பவர்களும் நிறையவே குறைத்திருந்தார்கள். மாதத்தில் இரண்டு தரம் இறைச்சி காணும் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. இரத்தச் சோகையோடு வகுப்பில் உறங்கும் பிள்ளைக்கு இறைச்சி மருந்து. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சி அந்த வீடுகளுக்குப் போவதைக் காலநிலையின் பெயரால் குறைசொல்பவர், தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை முதலில் திறந்து பார்க்கட்டும்.

பேச்சு பொருந்துவது வாரத்தில் ஐந்து நாள் இறைச்சி ஏறும் மேசைகளுக்கு. நமது சமூகத்தில் அவை கூடிக்கொண்டு வருகின்றன. உமர் (ரழி) அவர்கள் இறைச்சிக்கு அடிமைப்பட்டுப் போவதை, மதுவின் பழக்கத்தோடு ஒப்பிட்டு எச்சரித்த செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்-அஃராஃப் சூராவின் 31ஆம் வசனமே வீண்விரயத்தைத் தடுக்கிறது. காபன் கணக்குத் தெரியாத காலத்திலேயே இந்த அளவுகோல் நமது கையில் தரப்பட்டுவிட்டது.

விரயத்தை வைத்தே பார்க்கலாம். ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் 19 வீதம், 105 கோடி தொன், வீசப்பட்டது. உணவு இழப்பும் விரயமும் சேர்ந்து உலகின் வாயு வெளியேற்றத்தில் 8 முதல் 10 வீதம். குப்பைமேட்டின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் சோறும் இறைச்சியும் அழுகும்போது மறுபடியும் அதே மெதேன். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் காட்டு யானைகள் உணவு மிச்சத்தோடு பொலித்தீனையும் தின்று செத்துப்போன படங்களை உலகமே பார்த்தது.

நமது கலியாண வீடுகளில் ஒரு சஹனில் இப்போது மாடு, கோழி, முட்டை, வசதியான இடமென்றால் ஆடும். ஆறு பேர் குந்தி அரைவாசியை முடிப்பார்கள். சீதனத்தைப் பற்றியும் ஆடம்பரத்தைப் பற்றியும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் கூடிப் பேசுகின்றன. சஹனில் எத்தனை இறைச்சி என்பதையும் அதே கூட்டத்தில் பேசலாம், அதற்குப் பத்வா எதுவும் தேவையில்லை. எங்களூரில் பெரிய சமையல்களுக்குப் போகும் ஒருவரிடம் எவ்வளவு மிஞ்சும் என்று விசாரித்தேன். "முந்நூறு பேரெண்டு சொன்னா முந்நூத்தம்பதுக்கு ஆக்கச் சொல்லுவாங்க சேர். வாறது இருநூத்தி எழுபது. கோழி முதல்ல முடியும், சோறு பிறகு, மாட்டுக்கறிதான் சட்டியோட கிடக்கும்" என்றார்.